அம்பு தைத்த தோளோடு பேசியவர்

நடுவர் அவர்களே, வணக்கம். நடனக்காரியாக வந்த ஹாலிவுட் நடிகை ஜோஆன் ட்ரூவை வெஸ்டர்ன் படங்கள், அதாவது கௌபாய் படங்கள், வாழவைத்தனவா, முடக்கிப்போட்டனவா என்பது தலைப்பு. முடக்கின என்று எதிரணி நண்பர் கண்ணீர் விடாத குறையாகப் பேசிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். வாழவைத்தன என்பது எங்கள் கட்சி.

"நியூயார்க்கின் நாடக மேடையான பிராட்வேயில் ஆடிய பெண்ணைப் புழுதியில் இறக்கிவிட்டார்கள்" என்றார். ஐயா, 1940-இல் அவர் ஆடிய 'ஹோல்ட் ஆன் டு யுவர் ஹேட்ஸ்' எப்படிப்பட்ட நாடகம் தெரியுமா? அதில் அல் ஜோல்சன் ரேடியோ கௌபாயாக வருவார். புழுதி அப்போதே காலில் ஒட்டியாயிற்று!

சரி, 'ரெட் ரிவர்' படத்துக்கு வருவோம். 1948. டெஸ் மில்லே வேடத்துக்கு இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ் முதலில் நினைத்திருந்தது மார்கரெட் ஷெரிடனை. அவர் கர்ப்பமானதால் வாய்ப்பு ட்ரூவுக்கு வந்தது. வண்டிக் கூட்டத்தைப் பூர்வகுடியினர் சூழ்ந்து தாக்கும் நேரம். படத்தின் இளம் நாயகன் மான்ட்கோமரி கிளிஃப்டோடு டெஸ் வாக்குவாதம் செய்துகொண்டிருக்கிறார். ஓர் அம்பு அவர் தோளில் பாய்ந்து வண்டியோடு சேர்த்துத் தைக்கிறது. அலறல் இல்லை. முகம் கொஞ்சம் சுண்டுகிறது, பேச்சு நிற்கவில்லை. வலி உடம்பில் இருக்க முகத்தைக் கட்டி வைப்பது, மேடையில் ஆடிப் பழகியவருக்குக் கைவந்த வித்தை.

கடைசியில் ஜான் வெய்னும் கிளிஃப்டும் கட்டிப் புரளும்போது துப்பாக்கியால் சுட்டு, இருவரையும் திட்டி நிறுத்துவதும் அவர்தான். அந்த முடிவு சப்பென்று இருப்பதாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கும் அப்படித்தான் படுகிறது. அது எழுதியவர் குற்றம், நடித்தவர் குற்றமல்ல.

அடுத்த ஆண்டே ஜான் ஃபோர்டின் 'ஷி வோர் எ யெல்லோ ரிப்பன்'. ட்ரூவின் கூந்தலில் ஒரு மஞ்சள் நாடா, அது யாருக்காக என்று இரண்டு லெப்டினன்ட்கள் முட்டிக்கொள்கிறார்கள். 1950-இல் அதே ஃபோர்டின் 'வேகன் மாஸ்டர்'. மோர்மன்கள் என்ற மதப் பிரிவினரின் வண்டிகளோடு வந்து ஒட்டிக்கொள்ளும் மருந்து விற்கும் கூத்துக் கோஷ்டியில் டென்வர் என்ற பெண். ஊர் ஒதுக்கிய பெண்ணைத் தலை நிமிர்த்தி நடக்கவிட்டார் ட்ரூ.

"1949-இல் வெஸ்டர்ன் அல்லாத 'ஆல் த கிங்ஸ் மென்' இருக்கிறதே, சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியதே, அந்த வழியில் போயிருக்கலாமே" என்றார் நண்பர். வாங்கியது, மறுக்கவில்லை. அதில் நடித்த பிராட்ரிக் கிராஃபோர்டுக்கும் மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜுக்கும்கூட ஆஸ்கர் கிடைத்தது. ட்ரூவுக்குப் பரிந்துரைகூட இல்லை.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துவிடுகிறேன். நான் அம்பைச் சொன்னேன், மஞ்சள் நாடாவைச் சொன்னேன். அடுத்துப் பேச வரும் எதிரணி அம்மா, அந்த ஆஸ்கர் படத்தில் ட்ரூவின் காட்சி ஒன்றே ஒன்றை, குறிப்பைப் பார்க்காமல் சொல்லட்டும் பார்ப்போம்.