கரண்ட் இல்லாம மாட்டுத் தண்ணி உறையாம வைக்கிறது எப்படி? மைனஸ் 20 கணக்கு

வணக்கம் மக்களே. கனடாவுல ஆல்பர்ட்டா, சஸ்காட்சுவான் பக்கம் நிறைய மேய்ச்சல் நிலத்துக்குக் கரண்ட் கம்பி போகாது. ஜனவரி மாசம் அங்க மாட்டுக்குத் தண்ணி எப்படி உறையாம நிக்குதுன்னுதான் இன்னிக்கு வீடியோ.

எல்லாரும் முதல்ல கேக்குறது, தண்ணியை எதை வெச்சு சூடு பண்றதுன்னு. மண்ணுக்குள்ளேர்ந்து வர்ற தண்ணியே 4, 5 டிகிரியில வருதுங்க. அந்தச் சூட்டை விடாம பிடிச்சு வெச்சாலே பெரும்பாலும் போதும்.

கணக்கு போட்டுப் பாப்போம். இந்த மாதிரி 500 லிட்டர் மூடின தொட்டி. ஆறு பக்கமும் சேர்த்து 4 சதுர மீட்டர் வரும். சுத்தி 5 சென்டிமீட்டர் ஃபோம் போர்டு. வெளிய மைனஸ் 20, உள்ள தண்ணி உறையுற விளிம்புல இருக்குன்னு வெச்சுக்கங்க. சுவர் வழியா வெளிய போற சூடு கிட்டத்தட்ட 48 வாட்தான். ஒரு பழைய குண்டு பல்பு அளவு! ஒரு நாளைக்கு 4.1 மெகாஜூல். 5 டிகிரியில வர்ற ஒரு லிட்டர் தண்ணி பூஜ்யத்துக்கு இறங்குறப்போ 21 கிலோஜூல் குடுக்கும். அப்போ ஒரு நாளைக்கு 200 லிட்டர் புதுத் தண்ணி உள்ள வந்தா கணக்கு சரியாயிடும். கறவை இல்லாத மாடு குளிர்காலத்துல சுமாரா 30 லிட்டர் குடிக்கும். ஏழு மாடு குடிச்சாலே அந்த 200 லிட்டர் வந்துடுது. மாடு குடிக்கக் குடிக்க, மட்டம் இறங்கினதும் தானா திறக்குற மிதவை வால்வு, அதாவது ஃப்ளோட் வால்வு, திறந்து புதுத் தண்ணி வருது பாருங்க, அதுதான் இந்தத் தொட்டிக்கு அடுப்பு.

ஆனா மாடு குடிக்கிற ஓட்டையை இந்தக் கணக்குல சேர்க்கல. 20 சென்டிமீட்டர்ல ரெண்டு ஓட்டை திறந்தே கிடந்து காத்தும் அடிச்சா, சுவர் வழியா போறதுல பாதிக்கு மேல அது வழியா தனியா போயிடும். அதனாலதான் ஓட்டைக்கு அடியில பிளாஸ்டிக் பந்து மிதக்குது. மாடு மூக்கால அழுத்திட்டுக் குடிக்கும், மூக்கை எடுத்ததும் பந்து தானா வந்து மூடிக்கும். புது மாடுகளுக்கு முதல் சில நாள் பந்தை எடுத்து வெளிய வெச்சுடுங்க. தண்ணி எங்க இருக்குன்னு கத்துக்கிட்டதும் திரும்பப் போடுங்க. இதைக் குளிர் வர்றதுக்கு முன்னாடியே பழக்கிடணும்.

பலரும் தப்பு பண்றது தண்ணி மட்டத்துல. தண்ணி ஏறி நின்னா பந்து ஓட்டை விளிம்போட அழுந்தி உக்காந்துடும். ராத்திரி அந்த விளிம்புல ஐஸ் ஏடு கட்டினதும் பந்து ஒட்டிக்கும், காலையில மாட்டால அழுத்த முடியாது. கடுங்குளிர் வர்றதுக்கு முன்னாடி ஃப்ளோட்டைக் கொஞ்சம் இறக்கி, பந்து லேசா தொட்டும் தொடாமலும் நிக்குற மாதிரி வைங்க. மாடு நாலஞ்சுதான்னா ஒரு ஓட்டையை அடைச்சுடுங்க, இல்லன்னா சின்னத் தொட்டிக்கு மாறுங்க. தண்ணி நிறைய இருந்தா உறையாதுன்னு நெனச்சுப் பெருசு வாங்குறாங்க. குடிக்க ஆளில்லாத பெரிய தொட்டி நிச்சயம் உறையும்.

இப்போ தொட்டிக்கு அடியில பாக்கலாம். எனக்கு ரொம்ப முக்கியமான இடம் இதுதான். குழாய் உறைபனி இறங்குற ஆழத்துக்குக் கீழ வரணும், இந்தப் பக்கம் 2.5 மீட்டர். மாடு மிதிச்சுப் பனி இறுகின இடத்துலயும், பனியை வழிச்சுப் போட்ட பாதையிலயும் குளிர் இன்னும் கீழ இறங்கும். மேல போர்வை மாதிரி கிடந்த தளர்வான பனி அங்க இல்ல. அந்த இடங்கள்ல குழாயை இன்னும் ஆழமா போடுங்க.

தொட்டிக்கு நேர் கீழ 40 சென்டிமீட்டர் அகலக் குழாய் ஒண்ணை நட்டு, அந்த ஆழம் வரைக்கும் இறக்குங்க. உள்ள காலியாவே இருக்கணும். அடி மண்ணோட சூடு அது வழியா மேல ஏறி, வால்வையும் தொட்டியோட அடியையும் காப்பாத்தும். சின்னத் தண்ணிக் குழாய் அதுக்கு நடுவுல தொங்கணும், சுவத்துல உரசக் கூடாது. குளிருக்குப் பயந்து உள்ள கண்ணாடிப் பஞ்சை அடைச்சுடுறாங்க. அடைச்சா கீழேர்ந்து வர்ற சூடு மேல ஏறாது, வால்வுதான் முதல்ல உறையும். ஃபோம் சுத்தணும்னா அகலக் குழாயோட வெளிப்பக்கம், மேல் ஒரு மீட்டருக்குச் சுத்துங்க. தொட்டிக்கும் கான்கிரீட் தளத்துக்கும் நடுவுல இடுக்கு இருந்தா ஸ்ப்ரே ஃபோம் அடிச்சு மூடுங்க. விரல் நுழையுற இடுக்கு வழியா காத்து புகுந்தாலே இத்தனை வேலையும் வீண்.

செலவு கம்மியா வேணும்னா பெரிய லோடர் டயர். மேல் பக்கவாட்டை அறுத்து எடுத்து, ஜல்லி போட்டு மட்டம் பண்ணின இடத்துல படுக்க வெச்சு, நடு ஓட்டையைக் கான்கிரீட் ஊத்தி அடைக்கணும். குழாயும் அந்த அகலக் குழாயும் கான்கிரீட் ஊத்துறதுக்கு முன்னாடியே நடுவுல நிக்கணும். கறுப்பு ரப்பர் வெயிலை வாங்கும், கோடாலியால ஐஸ் உடைச்சாலும் ஒண்ணும் ஆகாது. மேல ஃபோம் வெச்ச மரப்பலகை மூடி போட்டு, தெக்குப் பக்கம் மட்டும் குடிக்க வாய் விடுங்க.

உப்புத் தண்ணி பாட்டில் மிதக்க விடலாமான்னு கேக்குறாங்க. பாட்டிலுக்குள்ள இருக்கிற உப்புத் தண்ணி உறையாது, வாஸ்தவம்தான். ஆனா அது சூடு எதுவும் தராது. காத்துல ஆடி மெல்லிசு ஏட்டை உடைக்கும், அவ்வளவுதான். மைனஸ் 3, 4 வரைக்கும் சரி. மைனஸ் 20ல பாட்டிலைச் சுத்தி ஐஸ் இறுகிடும். தொட்டித் தண்ணியிலயே உப்பைக் கொட்டவே கொட்டாதீங்க, மாட்டுக்கு விஷமாயிடும்.

சோலார் பம்ப் வெச்சிருந்தா, பம்ப் நின்னதும் குழாய்ல இருக்கிற தண்ணி மொத்தமும் கிணத்துக்கே திரும்ப இறங்கணும். அதுக்குக் குழாய் முழுக்க ஒரே சரிவா இருக்கணும், நடுவுல ஒரு பள்ளம் இருந்தா அங்கதான் அடைக்கும். லித்தியம் பேட்டரியை பூஜ்யத்துக்குக் கீழ சார்ஜ் பண்ணா செல் கெட்டுப்போகும். லெட் ஆசிட்னா முழு சார்ஜ்ல வைங்க, சார்ஜ் இறங்கின பேட்டரி மைனஸ் 10 சுத்தியே உறைஞ்சு வெடிச்சுடும். பேட்டரிப் பெட்டியை மண்ணுக்குள்ள புதைக்கிறது நல்லது.

எது எப்படி இருந்தாலும் தினம் காலையில ஒரு தடவை பந்தைக் கையால அழுத்திப் பாருங்க. வால்வு உறைஞ்சிருந்தா வெந்நீர் ஊத்துங்க, தீ காட்டாதீங்க, பிளாஸ்டிக் உருகிடும். உங்க தொட்டி அளவு, மாடு எத்தனை, எத்தனை டிகிரி குளிர்னு கீழ எழுதுங்க. இதே கணக்கைப் போட்டுச் சொல்றேன்.