விருப்பப் பட்டியலை எப்படி நிரப்புவது?

நேயர்களுக்கு வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கும் நான், பிளஸ் டூ தேர்வு முடிந்து பொறியியல் கல்லூரியில் சேரும்வரை ஒரு மாணவர் கடக்க வேண்டிய வழியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மதிப்பெண் எடுப்பதற்கு இரண்டு ஆண்டுகள் துணைநிற்கும் நாம், எடுத்த மதிப்பெண்ணுக்கு உரிய இடத்தைத் தேடும்போது பிள்ளைகளைத் தனியே விட்டுவிடுகிறோம் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

தமிழ்நாட்டில் பொறியியல் படிப்புக்கான நுழைவுத்தேர்வு 2007 முதல் இல்லை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப், அதாவது தரவரிசைக்கான மதிப்பெண், கணக்கிடப்படுகிறது. கணிதத்தில் 88, இயற்பியலில் 76, வேதியியலில் 82 எடுத்தவருக்கு 88, 38, 41 சேர்ந்து 167 வரும். இருவர் ஒரே கட்-ஆஃப் பெற்றிருந்தால் முதலில் கணித மதிப்பெண்ணே பார்க்கப்படும்.

சாதி, வருமானம், முதல் பட்டதாரி ஆகிய சான்றிதழ்களுக்குத் தேர்வு முடிவு வந்தபின் அலைவதைவிட, தேர்வு முடிந்த கையோடு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுவது நல்லது. ஆதாரில் ஒருவிதமாகவும் மதிப்பெண் சான்றிதழில் வேறுவிதமாகவும் பெயர் இருந்தால் அதையும் அப்போதே திருத்திவிடலாம். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளிகளிலேயே படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. இடையில் பள்ளி மாறியவர்கள் பழைய பள்ளியிலும் படிப்புச் சான்று வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும்விட நான் வலியுறுத்த விரும்புவது, இணையவழிக் கலந்தாய்வில் நாம் சேர விரும்பும் கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் வரிசைப்படுத்தித் தரும் விருப்பப் பட்டியலை. விசைத்தறித் தொழிலாளி ஒருவரின் மகள், என் மாணவி, தன் ஊருக்கு அருகில் உள்ள, குறைந்த கட்-ஆஃபுக்கே இடம் கிடைக்கும் கல்லூரியை முதலாவதாகப் போட்டிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "பெரிய காலேஜ முதல்ல போட்டா அதுவும் கிடைக்காம, இதுவும் போயிடும்னு சொன்னாங்க சார்" என்றாள். இந்த அச்சத்துக்கு அடிப்படையே இல்லை. தரவரிசைப்படி நம் முறை வரும்போது கணினி நம் பட்டியலை மேலிருந்து பார்த்து, இடம் உள்ள முதல் விருப்பத்தை ஒதுக்குகிறது. மேலே உள்ளது கிடைக்காததால் கீழே உள்ளதற்கான வாய்ப்புக் குறைவதில்லை. மாறாக, எளிதில் கிடைப்பதை மேலே வைத்துவிட்டால், அதற்குக் கீழே உள்ள நல்ல கல்லூரியைக் கணினி பார்ப்பதே இல்லை. முந்தைய ஆண்டில் ஒவ்வொரு பாடப்பிரிவும் எந்தக் கட்-ஆஃபில் நிறைந்தது என்ற விவரம் சமூகப் பிரிவுவாரியாக இணையத்தில் கிடைக்கும். அதை அருகில் வைத்துக்கொண்டு நாங்கள் பட்டியலை முழுவதும் மாற்றி எழுதினோம். முதல் இரண்டு விருப்பங்கள் அவளுக்குக் கிடைக்கவில்லை. மூன்றாவதாக வைத்த அரசுக் கல்லூரியில் மின்னியல் பிரிவு கிடைத்தது.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறித்த காலத்துக்குள் அதை உறுதிசெய்யாவிட்டால் இடம் கைவிட்டுப் போகும். பிரௌசிங் சென்டரில் விண்ணப்பிப்பவர்கள் அந்தக் கடைக்காரரின் எண்ணைக் கொடுத்துவிட்டு, ஓடிபி வரும் நாளில் கடை பூட்டியிருப்பதைக் கண்டு தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே பெற்றோர்களே, விண்ணப்பத்தில் உங்கள் வீட்டுக் கைபேசி எண்ணையே கொடுங்கள். கலந்தாய்வு முடியும்வரை அதை மாற்றாதீர்கள். நன்றி, வணக்கம்.