குகை வாசலோடு நில்லுங்கள்

[காட்சி: அந்தி நேரம். குகை வாயிலிலிருந்து புகைபோல் எழும் வௌவால் கூட்டம்.]

வௌவால் வீட்டுக்கு விருந்து போனால் நீயும் தொங்கு, நானும் தொங்கு என்பது பழமொழி. சுற்றுலா போகும் நாமோ அந்த வீட்டின் ஒழுங்கைக் கேட்பதே இல்லை. டார்ச் வெளிச்சமும் கூச்சலுமாக உள்ளே நுழைகிறோம்.

அதனால் என்ன கெட்டுவிடும்? பெரும்பாலான வௌவால் இனங்களில் ஒரு தாய் ஆண்டுக்கு ஒரே ஒரு குட்டிதான் ஈனும். குட்டிகள் கூரையில் தொங்கும் நாட்களில் கூட்டத்தைக் கலைத்தால் தாய்கள் பதறிப் பறக்கும். பிடி நழுவித் தரையில் விழும் குட்டி பெரும்பாலும் பிழைப்பதில்லை. குளிர் நாடுகளில் வேறு ஆபத்து. அங்கே பல இனங்கள் உடலில் சேர்த்த கொழுப்பை மட்டும் நம்பிக் குளிர்காலம் முழுவதும் உறங்குகின்றன. ஒவ்வொரு விழிப்புக்கும் அந்தச் சேமிப்பு கரையும். 2006இல் நியூயார்க் மாநிலக் குகை ஒன்றில் முதலில் தென்பட்ட வெண்மூக்கு நோய் என்ற பூஞ்சை நோய், இப்படி அடிக்கடி விழிக்கவைத்தே பல லட்சம் வௌவால்களைக் கொன்றது. அந்தப் பூஞ்சை நம் காலணியில் ஒட்டிக்கொண்டு அடுத்த குகைக்கும் போகக்கூடியது.

அப்படியானால் சுற்றுலாவே வேண்டாமா? வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

[காட்சி: ஆற்றுப் பாலம். கைப்பிடிச் சுவரோரம் காத்திருக்கும் மக்கள்.]

இது குகை அல்ல, அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பாலம். 1980இல் புதுப்பித்துக் கட்டியபோது அடியில் விட்ட இடுக்குகளில் வௌவால்கள் குடியேறின. வெறிநோய் (ரேபிஸ்) வந்துவிடும் என்று நகரமே அஞ்சியது. அவற்றை ஒழிக்கக் கோரிக்கைகள் எழுந்தன. ஆய்வாளர் மெர்லின் டட்டில் 1986இல் தம் வௌவால் பாதுகாப்பு அமைப்பையே அந்த ஊருக்கு மாற்றிக்கொண்டு வந்து, பொறுமையாக விளக்கினார். இன்று கோடையில் அங்கே 15 லட்சம் வௌவால்கள் வரை தங்குகின்றன. ஒழிக்கச் சொன்ன ஊர், மாலையில் அவற்றைப் பார்க்கக் கூடுகிறது.

அந்த அச்சத்தை ஏளனம் செய்யக்கூடாது. சில வௌவால்களிடம் வெறிநோய்க் கிருமி இருப்பது உண்மை. கையால் தொடாதீர்கள், விலகி நின்று பார்ப்பதில் அந்த ஆபத்து இல்லை. அமெரிக்காவின் கார்ல்ஸ்பாட் குகைப் பூங்காவில் குகை வாயிலுக்கு வெளியேதான் இருக்கைகள். வௌவால்கள் புறப்படும் நேரத்தில் கேமராவுக்கும் கைபேசிக்கும் அனுமதி இல்லை.

[காட்சி: குகை அடிவாரத்தில் எரு மூட்டைகள்.]

ஆனால் விளக்கம் மட்டும் எல்லா ஊரிலும் போதாது. தலைமுறைகளாகக் குகையில் வௌவால் எரு அள்ளியவரிடம் ஒருநாள் "உள்ளே வராதே" என்கிறார்கள். அதே வாசலில் வெளியூர்க்காரருக்கு டிக்கெட் விற்கிறார்கள். அவருக்கு வௌவால்மேல் எங்கிருந்து அன்பு வரும்? தாய்லாந்தின் காவ் சோங் ப்ரான் குகையில் எரு விற்ற பணம் அங்குள்ள புத்தர் கோயிலுக்குப் போகிறது. வௌவால் குறைந்தால் எருவும் குறையும் என்பதை அங்கே யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. போதாததற்கு, அவை இரவில் தின்னும் பூச்சிகளில் நெற்பயிரைத் தாக்கும் தத்துப்பூச்சிகளும் உண்டு.

[காட்சி: டிக்கெட் கூண்டு.]

அடுத்த முறை டிக்கெட் வாங்குமுன் வழிகாட்டியிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். குட்டி ஈனும் மாதங்களில் குகையை மூடுகிறீர்களா? இந்தப் பணத்தில் ஊருக்கு எவ்வளவு? சரியான பதில் வரவில்லையென்றால் உள்ளே போகாமல், சற்றுத் தள்ளி நின்று அந்திவரை காத்திருங்கள். வௌவால்கள் தாமே வெளியே வரும்.