வீட்டில் படிக்கும் பிள்ளையின் மிச்சப் பொழுது

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கல்வி புகட்டும் குடும்பங்கள் இலங்கையின் வடக்கே உள்ள நம் வன்னியில் சிலவே. நீண்டகால நோய், பாடசாலையின் தூரம், யானை நடமாடும் காட்டுவழி, பெற்றோரின் சொந்தத் தெரிவு என்று அதற்குக் காரணங்கள் பல. நம் நாட்டில் 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பதால், இம்முடிவை எடுக்குமுன் வலயக் கல்வி அலுவலகத்தில் பேசித் தெளிந்துகொள்வது நல்லது. இந்த ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிட்டு, அப்பிள்ளைகளுக்கு உண்மையில் எது குறைகிறது என்பதற்கு வருகிறேன்.

குறைவது பாடம் அல்ல. வகுப்பறையில் முப்பது பேருக்கு ஒரு நாள் முழுவதும் சொல்லிக்கொடுப்பதை, ஒரே பிள்ளைக்கு அருகில் இருந்து சொல்லும் தாய் காலைப் பொழுதிலேயே முடித்துவிடலாம். அதன் பின்னர் மாலைவரை அந்தப் பிள்ளை விறாந்தையில் கைத்தொலைபேசியோடு தனியே இருக்கிறதே, அதுதான் குறை. மிஞ்சிய அந்தப் பொழுதை மேலும் சில பயிற்சிப் புத்தகங்களால் நிரப்பிவிட்டால் போதும் என்று எண்ணும் பெற்றோருடன் நான் அறவே உடன்படுவதில்லை.

விளையாட்டை முதலில் சொல்கிறேன்; ஏனெனில், பிள்ளைக்கு வீட்டார் எவ்வளவு முயன்றாலும் தனியே கொடுக்க முடியாதது அதுதான். ஓர் அணி மறிக்க, மற்ற அணி அடிபடாமல் கோடுகளைத் தாண்டி ஓடும் கிளித்தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்தில் நீளவாட்டில் ஒரு நடுக்கோடும், அதை வெட்டிச் செல்லும் சில குறுக்குக்கோடுகளும் கீறினால் களம் தயார். காசு ஒன்றும் தேவையில்லை. தட்டு மறிப்பவர் தமக்குரிய குறுக்குக்கோட்டில் மட்டுமே அசையலாம், கிளியாக நிற்பவரோ நடுக்கோட்டாலும் ஓடிவந்து அடிக்கலாம் என்பதால், உள்ளே இறங்கிய பிள்ளை முன்னால் நிற்பவரின் கையையும் பக்கத்தால் வரும் கிளியின் காலடியையும் ஒரே நேரத்தில் கவனித்தாக வேண்டும். ஒருவர் மறிப்பவரைத் தம் பக்கம் இழுத்து வைத்திருந்தால்தான் மற்றவர் மறுபுறத்தால் பாய முடியும். அடி பட்டதா, படவில்லையா என்று வழக்கு எழும்போது பெரியவர்கள் தயவுசெய்து தலையிடாதீர்கள். வீட்டில் எப்போதும் பெரியவர்களோடு மட்டுமே பேசிப் பழகிய பிள்ளை, தன் வயதுப் பிள்ளையிடம் வாதாடவும் விட்டுக்கொடுக்கவும் மறுபடி சேர்ந்து ஓடவும் அந்த இடத்தில்தான் பழகுகிறது. சிறுமிகளையும் களத்தில் இறக்குங்கள். கிட்டிப்புள், எட்டுக்கோடு, கொக்கான் ஆகியவையும் இருக்கின்றன. ஆயினும் கூட்டமாகச் சிந்திக்க வைப்பதில் கிளித்தட்டுக்கு நிகராக எதையும் நான் கண்டதில்லை. அயற்பிள்ளைகள் பாடசாலை விட்டதும் தனியார் வகுப்புகளுக்கு ஓடுகிறார்கள் என்பது உண்மையே. அவர்களுடைய பெற்றோரிடம் பேசி, வாரத்தில் இரண்டு மாலைகளையேனும் கேட்டு வாங்க வேண்டும். சனசமூக நிலைய முற்றம் போதும்.

இயற்கையைப் பொறுத்தவரை, வன்னிப் பிள்ளைக்குப் புவியியல் புத்தகம் வாசலிலேயே தொடங்குகிறது. வவுனியாப் பக்கத்திலிருந்து வடக்கே வரும் கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்தை நிரப்பி, அப்பால் சுண்டிக்குளம் கடனீரேரியில் கலக்கிறது. அந்த வழியைப் பிள்ளையே படமாக வரையட்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் குளத்தின் நீர்மட்டம் எத்தனை அடி ஏறுகிறது, சிறுபோகத்துக்குத் திறந்துவிடும்போது எத்தனை அடி இறங்குகிறது என்பதைக் கேட்டறிந்து கொப்பியில் குறித்துவந்தால், வரைபும் சராசரியும் தாமே பாடமாகிவிடும். சுண்டிக்குளம் 1938 இல் பறவைகள் சரணாலயமாகவும், 2015 இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. மாரிகாலத்தில் அங்கு வந்திறங்கும் வலசைப் பறவைகளைப் பார்த்த பிள்ளை, தன் ஊர் மழைக்கும் தொலைதூர நாட்டுப் பறவைக்கும் உள்ள தொடர்பை வேறு யாரும் விளக்காமலே கேட்கத் தொடங்கும். பாலைப்பழக் காலத்தில் பழம் பொறுக்கக் கூட்டிச் செல்லுங்கள். அதன் பால் உதட்டில் பிசுபிசுவென்று ஒட்டும். அந்தப் பழத்தைக் காய்ச்சிப் பாலைப்பாணி எடுக்கும் முறையை அம்மம்மா ஒருவரிடம் கேட்டு எழுதுவது நல்ல மொழிப் பயிற்சி. ஆனால், வெடிபொருள் அகற்றி முடியாத நிலங்கள் எம் மண்ணில் இன்னும் இருப்பதால், சிவப்பு எச்சரிக்கைப் பலகைகளைப் பிள்ளைக்குக் கட்டாயம் காட்டிக்கொடுங்கள். ஊரவர் நாளாந்தம் நடக்கும் பாதையை விட்டு விலக வேண்டாம். குளக்கட்டில் முதலையின் நினைவும் இருக்கட்டும்.

கலைக்கு வருகிறேன். வரைதலும் களிமண் வேலையும் வீட்டிலேயே நடக்கும். கூத்துக்கு ஊர் வேண்டும். வற்றாப்பளைக் கண்ணகியின் மண்ணான முல்லைத்தீவில் கோவலன் கூத்தும், வன்னியின் பல ஊர்களில் காத்தவராயன் கூத்தும், மன்னாரில் அதற்கே உரிய நாட்டுக்கூத்துகளும் வாழ்கின்றன. காத்தவராயன் கூத்தில் பாலகனாக வரும் பகுதியைச் சிறுவரே ஆடுவது வழக்கம் என்பதால், பிள்ளைக்கு அங்கே உண்மையான இடம் ஒன்று இருக்கிறது. உடுக்கின் அடிக்குக் கால் வைக்கப் பழகுவது உடற்பயிற்சி; பாட்டை மனனம் செய்வது தமிழ்; தன் முறை வரும்வரை மற்றவர் ஆடுவதை அமைதியாகப் பார்த்திருப்பது, வேறெங்கும் எளிதில் கிடைக்காத பொறுமை. கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் எழுபது வயதுக்காரராக இருப்பார், பிற்பாட்டுக்காரர் கமக்காரராக இருப்பார், உடன் ஆடுபவர் பக்கத்து வீட்டு அண்ணாவாக இருப்பார். ஒரே பயிற்சியில் மூன்று தலைமுறையோடு பழகும் இந்த வாய்ப்பு, ஒரே வயதினர் அமர்ந்திருக்கும் வகுப்பறையிலும் இல்லாத ஒன்று.

காலபோக அறுவடை முடிந்து கமக்காரருக்கு ஓய்வு கிடைக்கும் பங்குனி மாதமளவில், உங்கள் ஊரில் அல்லது அடுத்த ஊரில் இருக்கும் அண்ணாவியாரைப் போய்ச் சந்தியுங்கள். போகும்போது உங்கள் பிள்ளையை மட்டும் அல்லாமல், கிளித்தட்டு விளையாடும் அயற்பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். பிற்பாட்டுக்கு அத்தனை குரல்களும் தேவைப்படும்.

நன்றி, வணக்கம்.