பூங்காவில் முன்பின் தெரியாதவரோடு செஸ் ஆடலாமா? ஒரு தம்பியின் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போக எனக்கு மனம் வரவில்லை.

கேள்வியைப் படிக்கிறேன். "அண்ணா, நான் மதுரைக்காரன். தாத்தாவிடம் செஸ் கற்றவன். படிப்புக்காக நியூயார்க் வந்து நான்கு மாதம் ஆகிறது. போன சனிக்கிழமை வாஷிங்டன் சதுக்கப் பூங்கா வழியாக நடந்தபோது, பலகையில் காய்களை அடுக்கி உட்கார்ந்திருந்த ஒருவர் என்னைப் பார்த்து ஓர் ஆட்டம் ஆடலாம் வா என்று கூப்பிட்டார். ஆசையாக இருந்தது. ஆனால் பயந்துபோய் வேகமாக நடந்துவிட்டேன். காசு கேட்பார்களா? ஏமாற்றிவிடுவார்களா? இணையத்தில் என் ஆட்டத் திறனுக்குக் கிடைத்த மதிப்பு 1200 புள்ளிதான். நான் போய் உட்காரலாமா?"

தம்பி, போய் உட்காருங்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நான் அந்த ஊரில் ஆறு ஆண்டுகள் இருந்தேன். செஸ் எனக்குக் கொடுத்த நல்ல நேரங்களில் பாதி, பெயர்கூடத் தெரியாத மனிதர்களோடு பூங்கா மேசைகளில் கழிந்தவைதான். ஆனால் உட்காருவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன.

நீங்கள் நடந்துபோன இடம் பூங்காவின் தென்மேற்கு மூலையாக இருக்கும். மேசையிலேயே அறுபத்து நான்கு கட்டங்களும் பதித்த மேசைகள் அங்கே உண்டு. அவை எல்லோருக்கும் பொது. ஆனால் காய்களும், இருவருடைய நேரத்தையும் தனித்தனியாகக் கணக்கிடும் கடிகாரமும் அங்கே உட்கார்ந்திருப்பவருடையவை. அவர் பொழுதுபோக்குக்காக வந்தவர் இல்லை. காலையில் வந்து இருட்டும்வரை அங்கேயே இருப்பவர். அந்த ஊர் வழக்கில் அவர்களை ஹஸ்லர் என்பார்கள். அந்தச் சொல்லில் ஏமாற்றுக்காரர் என்ற வாடை அடிக்கிறது. எனக்கு அது பிடிக்காது. வெயிலிலும் குளிரிலும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் எல்லோரோடும் ஆடி, அதில் வரும் காசில் சாப்பிடுகிற ஒருவரை உழைப்பாளி என்றுதான் சொல்ல வேண்டும். நீங்கள் ஒருவருடைய கடைக்கு முன்னால் நிற்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பயத்தில் பாதி குறைந்துவிடும்.

எனவே, காசு கேட்பார்களா என்றால், ஆம், கேட்பார்கள். நான் அதிகம் பார்த்தது ஓர் ஆட்டத்துக்கு 5 டாலர். கூடவும் குறையவும் இருக்கலாம். ஆனால் தொகையைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அந்த 5 டாலர் கட்டணமா, பந்தயமா? கட்டணம் என்றால் வென்றாலும் தோற்றாலும் நீங்கள் கொடுக்க வேண்டும். பந்தயம் என்றால் தோற்றவர் கொடுக்க வேண்டும். பூங்காவில் நடக்கிற சண்டைகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றைக் கேட்காமல் உட்கார்ந்ததால் வருபவை.

எனக்கே அது நடந்தது. அது வேறொரு பூங்கா. நட்பாக ஓர் ஆட்டம் என்று ஒருவர் கூப்பிட்டார். உட்கார்ந்தேன், தோற்றேன். அவர் பேசாமல் காய்களைத் திரும்ப அடுக்கினார். நானும் ரோஷத்தில் ஆடினேன், மறுபடி தோற்றேன். மூன்றாவதும் முடிந்தபோது 15 டாலர் என்றார். அது எனக்கு அன்று இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு. கொடுத்துவிட்டு வந்தேன். அன்று மாலை முழுவதும் வயிறு எரிந்தது. நட்பாக என்ற ஒரு சொல்லை வைத்து என்னைச் சிக்கவைத்துவிட்டார் என்றே நினைத்தேன். இப்போதும் அவர் செய்தது சரி என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு மணி நேரம் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, அவருடைய காய்களால் ஆடிய நான், எவ்வளவு என்று ஒருமுறைகூட வாய் திறந்து கேட்கவில்லையே. நம் ஊரில் ஆட்டோவில் ஏறும் முன் கேட்கிறோம், பூ வாங்கும் முன் கேட்கிறோம். அங்கே மட்டும் ஏன் கூச்சம்? அதன் பிறகு கேட்காமல் நான் உட்கார்ந்ததே இல்லை. யாரும் என்னைக் கோபித்துக்கொண்டதும் இல்லை.

கேட்க வேண்டியவை மூன்று. எவ்வளவு, யார் கொடுப்பது? ஆளுக்கு எத்தனை நிமிடம்? தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டுமா? கேட்டுவிட்டுச் சிரியுங்கள், அவரும் சிரிப்பார். பிறகு கடிகாரத்தின் இரண்டு பக்கமும் ஒரே நேரம் காட்டுகிறதா, உங்கள் ராஜாவும் ராணியும் இடம் மாறாமல் நிற்கிறார்களா என்று பாருங்கள். வெள்ளை ராணி வெள்ளைக் கட்டத்தில், கருப்பு ராணி கருப்புக் கட்டத்தில். வேகமாக அடுக்கும்போது இது தவறுவது உண்டு, எப்போதும் வேண்டுமென்றே என்று இல்லை.

நீங்கள் தாத்தாவிடம் கற்றவர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் ஆடும்போது ராஜாவைத் தாக்கினால் "செக்" என்று வாய்விட்டுச் சொல்வோம். எதிராளி கவனிக்காமல் வேறு காயை எடுத்தால், "டேய், செக் இருக்கிறது பார்" என்று தடுத்தும் விடுவோம். அங்கே வேக ஆட்டத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். நீங்கள் கவனிக்காமல் விட்டுக் கடிகாரத்தை அழுத்தினால், உங்கள் ராஜாவையே எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார்கள், ஆட்டம் முடிந்தது. இதைப் பார்த்து ஏமாற்று என்று கத்திய ஒருவரை நான் கண்டிருக்கிறேன். ஏமாற்று இல்லை, அந்த மேசையின் வழக்கம் அது. அதேபோல, பழைய இந்திய முறையில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். தாத்தா அப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தால், அங்கே இரண்டு கட்டம் போகலாம் என்பதை மறக்காதீர்கள்.

இனி ஏமாற்றுவார்களா என்ற கேள்வி. சிலர் செய்வார்கள். வெட்டிய காயோடு இன்னொன்றையும் சேர்த்து எடுப்பது, காயைச் சரிசெய்கிறேன் என்று கட்டம் மாற்றுவது, முதல் ஆட்டத்தை விட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் பந்தயத்தை ஏற்றுவது. இந்தக் கடைசி ஒன்றுக்கு மருந்து சுலபம்: தொகையை ஏற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். மற்றவற்றுக்குக் கடிகாரத்தை நிறுத்தி, நிதானமாகச் சுட்டிக்காட்டுங்கள். ஆனால் நான் ஆடிய நூற்றுக்கணக்கான ஆட்டங்களில் இப்படி நடந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஏமாற்ற வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை. உங்களையும் என்னையும்விட நன்றாக ஆடுவார்கள், அவ்வளவுதான்.

அதோடு அவர்களிடம் வலைகள் இருக்கும். ஒன்றை மட்டும் சொல்கிறேன், 1200 புள்ளிக்காரர்கள் தவறாமல் விழுகிற வலை. நீங்கள் வெள்ளை. இருவரும் ராஜாவுக்கு முன் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறீர்கள். நீங்கள் குதிரையைக் கொண்டுவந்து அவருடைய சிப்பாயைத் தாக்குகிறீர்கள், அவர் தன் குதிரையால் அதைக் காக்கிறார். உங்கள் மந்திரி வெளியே வருகிறது. உடனே அவர் காவல் நின்ற அந்தக் குதிரையைப் பலகையின் நடுவுக்குத் தாவவிடுகிறார். அவருடைய சிப்பாய் காவலின்றி நிற்கிறது. எடுக்கத் தோன்றும். குதிரையால் எடுத்தால் அவருடைய ராணி வெளியே வந்து, உங்கள் குதிரையையும் உங்கள் ராஜா பக்கத்துச் சிப்பாயையும் ஒரே நேரத்தில் குறிவைக்கும். நீங்கள் அவருடைய ராணியையும் யானையையும் சேர்த்துத் தாக்குகிறேன் என்று குதிரையை இன்னும் உள்ளே அனுப்பினால், ஏழாவது நகர்வில் உங்கள் ராஜா தன் ஆட்களே சூழ நிற்க, குதிரையால் செக்மேட் ஆகிவிடும். அந்தச் சிப்பாயை எடுக்காமல் கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றுவது) செய்துவிடுங்கள், அல்லது நடுவில் நிற்கும் அவருடைய குதிரையை உங்கள் குதிரையால் வெட்டுங்கள். நீங்கள்தான் நல்ல நிலையில் இருப்பீர்கள். இந்த வலைக்கு பிளாக்பர்ன் ஷில்லிங் கேம்பிட் என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலேய ஆட்டக்காரர் ஜோசப் ஹென்றி பிளாக்பர்ன், காபிக் கடைகளில் வந்தவர்களோடு ஷில்லிங் பந்தயம் வைத்து ஆடியபோது இதைப் பயன்படுத்தினார் என்பது பெயருக்குப் பின்னால் உள்ள கதை. அதற்கும் முன்பே, பதினெட்டாம் நூற்றாண்டில், பாரிஸின் கஃபே த லா ரேஜான்ஸ் என்ற காபிக் கடையில் காசுக்கு ஆடும் இதே வேலை நடந்தது. முன்பின் தெரியாதவரோடு காசுக்கு ஆடுவது இந்த ஆட்டத்தின் பழைய வாழ்க்கை முறைகளில் ஒன்று. அதை இழிவாகப் பார்ப்பவர்கள் செஸ் எங்கே வளர்ந்தது என்பதை மறந்தவர்கள்.

அந்தப் பூங்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் உலகச் சாம்பியனான அமெரிக்கர் பாபி ஃபிஷர் சிறுவனாக இருந்தபோது, அவருடைய முதல் ஆசிரியர் கார்மைன் நிக்ரோ அவரை ஆட அழைத்துவந்தது இங்கேதான். அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில், மேற்குப் பத்தாவது தெருவில் மார்ஷல் செஸ் சங்கம் இருக்கிறது. 1956-இல், பதின்மூன்று வயதில், டொனால்ட் பைரனுக்கு எதிராக ராணியைப் பலிகொடுத்து ஃபிஷர் வென்ற ஆட்டம் நடந்த இடம் அது. திரைப்பட இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் இளம் வயதில் இந்த மேசைகளில் 25 சென்ட் பந்தயத்துக்கு ஆடியவர். ஜமைக்காவில் பிறந்து 1999-இல் உலகின் முதல் கருப்பினக் கிராண்ட்மாஸ்டர் ஆன மாரிஸ் ஆஷ்லி, அதே ஊரின் இன்னொரு பூங்காவில், புரூக்ளினின் பிராஸ்பெக்ட் பூங்காவில், அடிவாங்கி அடிவாங்கி வளர்ந்தவர்.

நம் சென்னையிலும் இதற்கு ஓர் உறவு உண்டு. இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மானுவேல் ஆரோன் முன்னின்று தொடங்கிய தால் செஸ் சங்கம் சோவியத் கலாச்சார மையத்தில் நடந்தது. அங்கே சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் ஆடிய வேக ஆட்டங்களில் ஒரே விதி: வென்றவர் நாற்காலியில் இருக்கலாம், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். தோற்றால் மறுபடி ஆட எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று தெரிந்த ஒரு பையன் எப்படி ஆடுவான், யோசித்துப் பாருங்கள். அந்த மின்னல் வேகம் அங்கே பழகியது. பூங்கா இல்லை, காசும் இல்லை, ஆனால் எதிரில் யார் வந்து உட்கார்வார் என்று தெரியாத அந்த நாற்காலி அதேதான்.

இணையத்தில் 1200 என்றீர்கள். அந்த எண்ணை மேசையில் யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் சொல்லுங்கள், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். திரையில் ஆடிப் பழகியவருக்கு முதல் சில ஆட்டங்களில் பலகையே வேறு மாதிரி தெரியும். கண்ணுக்கு நேராக நிற்கிற யானை தெரியாது. எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டே இருப்பார். "இதையா ஆடுகிறாய், உறுதிதானா?" என்பார், பாடுவார், உங்கள் பின்னால் நிற்பவரிடம் உங்களைப் பற்றிச் சொல்வார். அது அவருடைய ஆட்டத்தின் பகுதி. அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பதிலுக்கு ஒரு வார்த்தை பேசினால் அவருக்கு மகிழ்ச்சிதான்.

தோற்பீர்கள் தம்பி. தோற்றதும் காசைக் கொடுத்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். எங்கே தவறினேன் என்று கேளுங்கள். இதைத்தான் நான் எல்லோருக்கும் அழுத்திச் சொல்கிறேன். ஒரு நவம்பர் மாலை, விரல் நுனி வெட்டிய கையுறை போட்ட ஒரு பெரியவரிடம் நான் கையில் ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தும் தோற்றேன். அப்படிக் கேட்டேன். அவர் இருபது நகர்வுகளைப் பின்னோக்கி வரிசையாக அடுக்கி, என் யானையைத் தூக்கி, முன்னேறிக்கொண்டிருந்த என் சிப்பாய்க்குப் பின்னால் வைத்தார். "யானை முன்னால் நின்றால் சிப்பாய்க்கு வழி ஏது?" என்று மட்டும் கேட்டார். புத்தகத்தில் நான் பலமுறை படித்த விஷயம் அது. அன்றுதான் எனக்குள் இறங்கியது. அதற்கு அவர் தனியாகக் காசு வாங்கவில்லை.

காசு கொடுத்து ஆட இப்போதைக்கு வேண்டாம் என்று தோன்றினால், சென்ட்ரல் பூங்காவுக்குப் போங்கள். பெர்னார்ட் பரூக் கொடுத்த நன்கொடையில் 1952-இல் கட்டிய செஸ் வீடு ஒன்று அங்கே இருக்கிறது. சுற்றிலும் பலகை பதித்த மேசைகள். காய்களைப் பையில் எடுத்துக்கொண்டு போனால் போதும், யாராவது எதிரில் வந்து உட்காருவார்கள். ஒரு எச்சரிக்கை: குழந்தைகள் விளையாடும் வேலிக்குள் இருக்கும் மேசைகளில் குழந்தை இல்லாமல் உட்காராதீர்கள். 2010-இல் இன்வுட் ஹில் பூங்காவில் அப்படி ஆடிய ஏழு பேருக்குக் காவல்துறை வழக்குச் சீட்டுக் கொடுத்தது.

சனிக்கிழமை பகலில் போங்கள். சில்லறை நோட்டுகளைத் தனியாகச் சட்டைப் பையில் வையுங்கள். ஆட்டத்தின் நடுவே கைபேசியை வெளியே எடுக்காதீர்கள், கணினியின் உதவி தேடுகிறீர்கள் என்று நினைப்பார்கள். படம் எடுக்க வேண்டுமானால் கேட்டுவிட்டு எடுங்கள். முதலில் இரண்டு ஆட்டங்களை நின்று பாருங்கள், ஆனால் யாருக்கும் நகர்வு சொல்லாதீர்கள். உங்களைக் கூப்பிட்டவர் அதே மேசையில் இருந்தால் அவரிடமே போங்கள். போன வாரம் நிற்காமல் போனவன் நான்தான் என்று சொல்லுங்கள். எவ்வளவு என்று கேளுங்கள். வெள்ளைக் காய் வந்தால், ராஜாவுக்கு முன் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, அதே கையால் கடிகாரத்தை அழுத்துங்கள். ஆட்டம் எப்படிப் போனது என்று எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.