கச்சேரி ஒலிப்பதிவும் அதன் விலையும்

அவையோர்க்கு வணக்கம். ரசிகர்கள் பதிவு செய்த பழைய கர்நாடக இசைக் கச்சேரிகளைச் சேகரித்து வைத்திருப்பவர், அவற்றுக்கு விலை கேட்கலாமா என்பதுதான் நான் பேச வந்த கேள்வி.

நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்றரை நிமிடப் பாட்டுத்தான் அடங்கும். ராகத்தை விரித்து, தானம் பாடி, பல்லவியைக் காலம் மாற்றிக் காட்டும் வித்வானின் முழு உருவம் அதற்குள் வராது. பாடகர்களான, 1965-இல் மறைந்த ஜி.என்.பாலசுப்ரமணியமும் 1967-இல் மறைந்த அரியக்குடி ராமானுஜ ஐயங்காரும் முழுக் கச்சேரியில் எப்படிப் பாடினார்கள் என்று இன்று நாம் பேச முடிகிறதென்றால், அதற்கு வானொலிப் பதிவுகளோடு, ஸ்பூல் டேப் (நாடாச் சுருளில் ஒலி பதியும்) கருவியைச் சுமந்து சென்ற ரசிகர்களும் காரணம். அவர்களுள் அனுமதி கேட்டவர்களும் உண்டு, கேட்காதவர்களும் உண்டு. இந்தக் கடனை மறைத்துவிட்டு அறம் பேச எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் பாடலை இயற்றியவருக்கு உரிமை இருந்தது. மேடையில் பாடியவருக்கு இருக்கவில்லை. அவருக்கான உரிமை 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வந்தது. ஆயினும், சொந்த உபயோகத்துக்காகவோ, கற்பித்தலுக்காகவோ, ஆய்வுக்காகவோ பதிவு செய்வதைச் சட்டம் உரிமை மீறலாகக் கொள்ளவில்லை. விற்கும்போது நிலைமை மாறிவிடுகிறது.

அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவினர், 1984 முதல், பதிவு செய்ய வருவோருக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கினார்கள்; ஆனால் பதிவை விற்கக் கூடாது. ரசிகர்கள் வெற்று கேசட்டையும் தபால் செலவையும் அனுப்பிப் பதிவின் படியை (நகலை) பெற்றுக்கொண்டார்கள். என் கணக்கும் ஏறக்குறைய இதுதான். நாடாவின் விலை, அஞ்சல் செலவு, பூசணம் பிடித்த ஸ்பூலைத் துடைத்து, வேகம் சரிபார்த்துக் கணினியில் ஏற்றிய உழைப்புக்கான கூலி ஆகியவற்றை, பதிவுகளைச் சேகரித்து வைத்திருப்பவர் தாராளமாகக் கேட்கலாம். (வேகம் பார்க்காமல் ஏற்றிய பதிவில் சுருதி அரைக் கட்டை ஏறி, அறுபது வயது வித்வான் திடீரென்று இளைஞராகிவிடுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.) அதற்கு மேல் கேட்கும் ஒவ்வொரு ரூபாயும் பாட்டின் விலை, அது பாடியவருக்கும், இந்தப் பேச்சில் எவர் நினைவுக்கும் வராத பக்கவாத்தியக்காரர்களுக்கும் உரியது. ‘அபூர்வப் பதிவு’ என்று சொல்லி விலையை ஏற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பல சமயங்களில் அது அபூர்வமாக இருப்பதற்குக் காரணமே அவர்கள் படி கொடுக்க மறுப்பதுதான்.

விலையே வாங்காவிட்டாலும் தீராத ஒரு சிக்கல் உண்டு. தொண்டை கட்டியிருந்த மாலையிலோ, புதிய பல்லவி ஒன்றை எடுத்துப் பார்த்துத் தாளக் கணக்குத் தவறிய மேடையிலோ பாடியது அந்த அவையோடு போகும் என்ற நம்பிக்கையில்தான் வித்வான் துணிந்து கற்பனையில் இறங்குகிறார். அந்த மாலையை இலவசமாகப் பரப்புகிறவர், காசு வாங்காததாலேயே குற்றமற்றவராகிவிட மாட்டார். ஆகவே முதல் படியைப் பாடியவரிடமே கொடுத்து, வெளியே விடலாமா என்று கேட்க வேண்டும். அவர் வேண்டாமென்றால் பெட்டியை மூடிவிட வேண்டும்.

பாடியவர் மறைந்து, வாரிசுகளும் யாரென்று தெரியாத பதிவுகளில்தான் எனக்குத் தயக்கம். சென்னை மியூசிக் அகாடமியின் ஒலி ஆவணக்காப்பகத்தில் கச்சேரிப் பதிவுகளை அங்கேயே அமர்ந்து கேட்க முடிகிறது. அத்தகைய இடங்களில் அவற்றை ஒப்படைத்தால் யாருக்கும் இழப்பிருக்காது என்றே இப்போதைக்கு நினைக்கிறேன்.