திக்கிய நாவின் பேச்சு: அனைரின் பெவன்

வணக்கம். இன்று கேமராவை வீட்டு மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு, தெற்கு வேல்ஸில் ட்ரெடெகர் ஊருக்கு மேலே உள்ள குன்றுக்கு வந்திருக்கிறேன். எனக்குப் பின்னால் நான்கு சுண்ணாம்புப் பாறைகள் நிற்பது உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். பெரியது அனைரின் பெவனுக்கு. மற்ற மூன்றும் ட்ரெடெகர், எப்பு வேல், ரிம்னி என்ற மூன்று ஊர்களுக்கு. 1929 முதல் 1960இல் இறக்கும் வரை எப்பு வேல் தொகுதியின் லேபர் (தொழிலாளர்) கட்சி நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த பெவன், தம் மக்களைத் திறந்த வெளியில் கூட்டிப் பேசிய இடம் இது. காற்று பலமாக அடிக்கிறது; ஒலிவாங்கிக்கு உறை மாட்டியும் இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கியின் துணை அதிகம் இல்லாத காலத்தில் இந்தக் காற்றுக்கு எதிராக ஒருவர் பேசினார் என்பதை நீங்களும் கேட்டு உணர வேண்டும் என்றுதான் இங்கே வந்து பதிவு செய்கிறேன்.

பிரிட்டனின் தேசிய மருத்துவச் சேவையை 1948 ஜூலை 5 அன்று தொடங்கிய சுகாதார அமைச்சர் என்ற முறையில் பெவனைப் பலருக்குத் தெரிந்திருக்கும். இன்று நான் எடுத்துக்கொள்வது அவருடைய பேச்சை மட்டும். 1897இல் ட்ரெடெகரில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டு, பிறகு நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கிய அந்தச் சிறுவனுக்கு வாய் திக்கும். பிற்காலத்தில் சர்ச்சிலுக்கு ஈடாக நின்று பேசியவர் என்று எதிரிகளே ஒப்புக்கொண்ட ஒருவரின் தொடக்கம் அது.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு செய்தி சொல்லியாக வேண்டும். எனக்கும் சிறுவயதில் கடுமையாகத் திக்கும். வகுப்பில் வருகை எடுக்கும்போது "உள்ளேன் ஐயா" என்ற இரண்டு சொற்கள் வருவதற்குள் ஆசிரியர் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். மளிகைக் கடையில் "கொத்தமல்லி" என்று கேட்க நா எழாது. ஆகவே "மல்லித்தழை" என்பேன். கறிவேப்பிலைக்கு மாற்றுச் சொல் எனக்குத் தெரியாது. விரலை நீட்டிக் காட்டிவிட்டு நிற்பேன். திக்குபவர்கள் ஒவ்வொருவரும் இப்படித் தமக்குள் ஓர் அகராதியைச் சுமந்துகொண்டு திரிகிறோம். ஒரு சொல் வராது என்று தெரிந்த கணத்தில், வாக்கியம் பாதியில் இருக்கும்போதே, வேறொரு சொல்லைத் தேடி எடுத்தாக வேண்டும்.

பெவன் செய்ததும் இதைத்தான். ஆனால் அவர் செய்த அளவு வேறு. சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து காசு போட்டு நடத்திய ட்ரெடெகர் தொழிலாளர் நிலையத்தின் நூலகத்தில் உட்கார்ந்து கையில் கிடைத்ததையெல்லாம் படித்தார். நாவில் சிக்கும் சொல்லுக்குப் பதிலாக வைக்க வேறு சொற்களைச் சேர்த்தார். இந்தக் குன்றுகளின் மீது நடந்தபடி உரக்கப் பேசிப் பழகினார். அவருடைய சொல்வளத்தைக் கேட்டு வியந்தவர்களுக்கு அது படிப்பின் பகட்டாகத் தெரிந்திருக்கலாம். எனக்கு அது தப்பிக்கும் வழிகளின் சேகரமாகத் தெரிகிறது.

இனி அவருடைய நையாண்டிக்கு வருகிறேன். 1942 ஜூன் 21 அன்று வட ஆப்பிரிக்காவில் டொப்ருக் கோட்டை ஜெர்மானியத் தளபதி ரோமெலிடம் விழுந்தது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நேச நாட்டு வீரர்கள் சிறைப்பட்டார்கள். சர்ச்சில் அரசு மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. இரண்டாம் நாளான ஜூலை 2 அன்று பெவன் எழுந்தார். பிரதமர் விவாதத்துக்கு மேல் விவாதமாக வெல்கிறார், சண்டைக்கு மேல் சண்டையாகத் தோற்கிறார் என்று தொடங்கி, அவர் விவாதத்தைப் போராகவும் போரை விவாதமாகவும் நடத்துகிறார் என்று நாடே சொல்லத் தொடங்கிவிட்டது என்றார்.

இந்த வாக்கியத்தைக் கவனியுங்கள். இதில் வசைச்சொல் ஒன்றுகூடக் கிடையாது. சர்ச்சிலின் மிகப் பெரிய பலம் அவருடைய பேச்சு. அந்தப் பலத்தை முழுமையாக ஒப்புக்கொண்டு, அதையே குற்றச்சாட்டாகத் திருப்பிவிடுகிறார். அதோடு நிற்கவும் இல்லை. போரின் உத்தி தவறு, தவறான ஆயுதங்கள் தயாரிக்கப்படுகின்றன, அந்த ஆயுதங்களைக் கையாளப் பயிற்சியற்றவர்கள் பொறுப்பில் இருக்கிறார்கள் என்று மூன்று படிகளாக வாதத்தை ஏற்றிக்கொண்டு போகிறார். ரோமெல் பிரிட்டிஷ் படையில் இருந்திருந்தால் இன்னும் சார்ஜண்டாகவே இருந்திருப்பார் என்று மக்கள் பேசிக்கொள்வதை அவைக்குள் கொண்டுவந்து வைக்கிறார். சிரிப்பு வரும், சிரித்து முடிக்கும்போது, வர்க்கம் பார்த்துப் பதவி கொடுக்கும் ஒரு படையைப் பற்றிய குற்றச்சாட்டை நாம் ஏற்றுக்கொண்டிருப்போம். தீர்மானம் 475க்கு 25 என்று தோற்றது. இருந்தும் அந்த விவாதத்திலிருந்து இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுவது தோற்ற பக்கத்தின் வாக்கியம்தான்.

1945இல் பிளாக்பூலில் அவர் சொன்னதும் இதே இனம். இந்தத் தீவு பெரும்பாலும் நிலக்கரியால் ஆனது, சுற்றிலும் மீன். நிலக்கரிக்கும் மீனுக்கும் ஒரே நேரத்தில் தட்டுப்பாடு உண்டாக்க வேண்டுமானால், அது ஒரு நிர்வாக மேதையால்தான் முடியும் என்றார். நிலக்கரியைத் தம் கையால் வெட்டியவர் சொல்கிறார் என்பதால் அதற்கு எடை கூடுகிறது.

அவரை நேசிப்பதால் நான் மறைக்கக் கூடாத ஒன்றும் இருக்கிறது. மருத்துவச் சேவை தொடங்குவதற்கு முந்தைய நாள், 1948 ஜூலை 4, மான்செஸ்டரில் பேசினார். வேலையில்லாத இளம் வயதில் தம் அக்காவின் சம்பாத்தியத்தில் வாழ வேண்டியிருந்ததையும், நாட்டை விட்டுப் போய்ப் பிழைத்துக்கொள் என்று தமக்குச் சொல்லப்பட்டதையும் நினைவுகூர்ந்தார். அந்தக் கொடுமைகளை இழைத்த கன்சர்வேட்டிவ் கட்சி மீதுள்ள வெறுப்பை எந்த நயப்பேச்சும் தம் நெஞ்சிலிருந்து அகற்றாது என்று சொல்லி, என்னைப் பொறுத்தவரை அவர்கள் புழுபூச்சியினும் கீழானவர்கள் என்றார். மறுநாள் செய்தி மருத்துவச் சேவையைப் பற்றி மட்டும் இருந்திருக்க வேண்டும். இந்தச் சொல் குறுக்கே வந்து நின்றது. அவருடைய கட்சியைச் சேர்ந்த பிரதமர் அட்லியே கண்டித்துக் கடிதம் எழுதினார். கன்சர்வேட்டிவ் ஆதரவாளர்கள் அந்த வசையையே பெயராகச் சூட்டிக்கொண்டு சங்கங்கள் தொடங்கினார்கள். அந்த வலி உண்மையானது, அந்தக் கோபத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வாதம் இல்லாமல் வசை மட்டும் வெளிவந்த இடத்தில், எதிராளி அதைப் பிடுங்கி வைத்துக்கொள்ள முடிந்தது. டொப்ருக் விவாதத்தின் வாக்கியத்தை எவராலும் அப்படிப் பிடுங்க முடியவில்லை.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பேச்சு. 1956ஆம் ஆண்டு. எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கிய பிறகு, இஸ்ரேலோடும் பிரான்ஸோடும் சேர்ந்து பிரிட்டன் எகிப்தைத் தாக்கியது. பிரதமர் ஆண்டனி ஈடன். நவம்பர் 4 அன்று லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் பெருங்கூட்டம் கூடியது. ஐக்கிய நாடுகள் சபையை வலுப்படுத்தத்தான் எகிப்துக்குள் நுழைகிறோம் என்று ஈடன் பாவனை செய்கிறார் என்றார் பெவன். எந்தத் திருடனும் இதையே சொல்லலாம், போலீசாருக்குப் பயிற்சி கொடுக்கத்தான் அந்த வீட்டுக்குள் நுழைந்தேன் என்று வாதாடலாம் என்றார்.

திருடன் உவமையோடு நிறுத்தியிருந்தால் அது நல்ல மேடைப்பேச்சாக முடிந்திருக்கும். அடுத்து வந்த வாக்கியத்தில்தான் அவருடைய கலை முழுவதும் இருக்கிறது. ஈடன் தாம் சொல்வதை மனமாரத்தான் சொல்கிறார் என்றால், அப்படியும் இருக்கலாம், பிரதமராக இருக்க முடியாத அளவுக்கு அவர் முட்டாள் என்றார். ஈடன் பொய்யர் என்று கூட்டம் எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. அவர் பொய்யராக இல்லாமலும் போகலாம் என்று பெவன் பெருந்தன்மையோடு வழிவிடுகிறார். அந்த வழி நேராக முட்டாள்தனத்துக்குப் போய்ச் சேர்கிறது. பொய் சொன்னாலும் மாட்டிக்கொள்வார், உண்மை சொன்னாலும் மாட்டிக்கொள்வார்.

வீட்டில் கண்ணாடி முன் நின்று இந்த வாக்கியத்தைப் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். "அப்படியும் இருக்கலாம்" என்ற இடத்தில் மூச்சு தானாக நிற்கிறது. திக்குபவனுக்கு அந்த நிறுத்தம் நன்கு பழக்கமான இடம்: அடுத்த சொல் வருமா வராதா என்று கேட்பவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் இடம். அந்த நவம்பர் ஞாயிறு பிற்பகலில் அவர் அங்கே நின்றபோது, அடுத்த சொல் வரட்டும் என்று ஒரு சதுக்கமே காத்திருந்தது.